மலைப் பயணத்துக்கு ஜிபிஎஸ்: போனே போதுமா, தனிக் கருவி வாங்கணுமா? முழுமையான வழிகாட்டி

குடும்பத்தோடு சொந்தக் காரில் வால்பாறை, ஊட்டி, கூர்க் என்று கிளம்புகிறவர்கள் வழிகாட்டும் கருவியைப் பெரும்பாலும் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள். இல்லாவிட்டால் முதலிலேயே கடைக்குப் போய், திரை பெரிதாக இருப்பதை வாங்கிவிடுகிறார்கள். கருவி எந்த இடத்தில் கைகொடுக்க வேண்டும் என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை. கோவை அவினாசி சாலையில் எந்தப் போனும் வழி சொல்லும். வால்பாறை மலைப்பாதையில் அட்டகட்டிக்கு மேலே டவர் போன பிறகு, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் சொல்லுமா? பயணத்தின் அந்த மோசமான அரை மணி நேரத்தை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தால், மற்ற இடங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்து அமைத்துக்கொடுக்கும்போது, புதியவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். கருவிக்குப் பணம் செலவழிக்கும் பேச்சே ஐந்தாவது படியில்தான் வருகிறது.

தொடங்கும் முன் தேவையானவை

கிளம்புவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். வீட்டு வைஃபை, இப்போது வைத்திருக்கும் போன், அதில் இரண்டு மூன்று ஜிபி காலி இடம், ஒரு நோட்டு, ஒரு பேனா. தங்கும் விடுதியின் தொலைபேசி எண்ணும் வேண்டும். அதை ஏன் கேட்கிறேன் என்பது அடுத்த படியில் தெரியும்.

1. வழியைத் துண்டு துண்டாக நோட்டில் எழுதுங்கள்

"பொள்ளாச்சியிலிருந்து சாலக்குடி" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். பொள்ளாச்சி – ஆழியாறு, ஆழியாறு – வால்பாறை, வால்பாறை – மலக்கப்பாறை, மலக்கப்பாறை – அதிரப்பள்ளி, அதிரப்பள்ளி – சாலக்குடி என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே நாலு விஷயம்: தூரம், மலைப்பாதையா, டவர் கிடைக்குமா, வனச் சோதனைச் சாவடி இருக்கிறதா.

பிரித்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒட்டுமொத்த தூரத்தைப் பார்த்தால் எல்லா வழியும் எளிதாகத் தெரியும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கிலோமீட்டர்தான். ஆனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் திட்டமிட்டால் ஓட்டுகிறவருக்கு அவசரம் வந்துவிடும்.

டவர் விஷயத்துக்கு நிறுவனங்களின் கவரேஜ் வரைபடத்தை நம்பாமல் விடுதிக்காரரிடம் கேளுங்கள்: "அண்ணா, அங்கே எந்த சிம் எடுக்கும்? வர்ற வழியில எங்கே போயிடும்?" அவர் சொல்வது சரியாக இருக்கும், ஏனென்றால் தினமும் அந்த வழியில் போகிறவர் அவர். பல காட்டுப் பகுதிகளில் ஒரே ஒரு நிறுவனத்தின் சிம் மட்டும்தான் எடுக்கும். உங்கள் போனில் இரண்டாவது சிம் துளை காலியாக இருந்தால் அந்த சிம்மைப் போட்டுக்கொள்ளுங்கள். புதுக் கருவி வாங்குவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

நோட்டில் "டவர் இல்லை" என்று எழுதிய துண்டுகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். இனி எடுக்கும் எல்லா முடிவும் அந்த வட்டங்களுக்காகத்தான்.

2. ஜிபிஎஸ் வேறு, டவர் வேறு

"டவர் இல்லேன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாது" என்று பலரும் நினைக்கிறார்கள். அதை நம்பித்தான் தேவையில்லாத கருவிகள் வாங்கப்படுகின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் போன் அந்தச் சிக்னலைக் கேட்கிறது, அவ்வளவுதான். அது எதையும் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்தது நாலு செயற்கைக்கோள்கள் கேட்டால் இருக்குமிடம் தெரிந்துவிடும். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றோடு போனின் கடிகாரப் பிழையையும் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால்தான் நாலு.

நெட் எதற்குத் தேவை? மேப் படத்தை இறக்க, வழி கணக்கிட, நெரிசல் தெரிய, இடங்களைத் தேட. இவற்றில் நெரிசல் தவிர மற்றதை முன்கூட்டியே போனுக்குள் வைத்துக்கொள்ள முடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் டவர் உண்மையிலேயே உதவுகிறது. செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை நெட் வழியாக வாங்கினால், போன் சில நொடிகளில் இடத்தைப் பிடித்துவிடும். நெட் இல்லாவிட்டால் அந்த விவரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. நடுவில் மரமோ பாறையோ மறைத்தால் முதலிலிருந்து கேட்க வேண்டும். அதனால் டவர் இருக்கும் இடத்திலேயே, திறந்த வானத்தின் கீழ் வழிகாட்டலைத் தொடங்கிவிடுங்கள். காட்டுக்குள் போய்ப் போனை எடுத்து "லொகேஷன் வரலையே" என்று காத்திருப்பது இதைச் செய்யாததால்தான்.

3. கையிலிருக்கும் போனைச் சோதியுங்கள்

மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, செயற்கைக்கோள் சோதனை. ஆண்ட்ராய்டு போனில் 'ஜிபிஎஸ்டெஸ்ட்' போன்ற இலவசச் செயலியைப் போட்டு மொட்டைமாடியில் நின்று பாருங்கள். அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் நாட்டின் நாவிக் ஆகியவற்றில் எவை கேட்கின்றன என்று கொடிகளோடு காட்டும். ஜிபிஎஸ்ஸோடு இன்னும் இரண்டு மூன்று அமைப்புகள் கேட்டால் நல்லது. மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறைச் சுவர் வானத்தில் பாதியை மறைத்துவிடும். மீதி பாதியில் நாலு செயற்கைக்கோள் கிடைக்க வேண்டுமென்றால் மொத்த எண்ணிக்கை அதிகமாக இருக்க வேண்டும்.

எல்1, எல்5 என்பவை செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலைவரிசைகளின் பெயர்கள். அதே செயலியில் எல்1 என்பதோடு எல்5 என்றும் காட்டுகிறதா பாருங்கள். எல்5 இருந்தால் அது இரட்டை அலைவரிசைப் போன். 2018-இல் ஷாவ்மி மி 8 மாடலோடு கைப்பேசிகளில் வந்த வசதி இது. ஐபோனில் 14 புரோ முதலான புரோ மாடல்களில் உண்டு. மலையில் இதற்குத் தனி மதிப்பு. கொண்டை ஊசி வளைவில் கீழ்ச் சாலையும் மேல்ச் சாலையும் மேப்பில் ஒட்டினாற்போல இருக்கும். பாறையில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல், போனைச் சில மீட்டர் ஏமாற்றினாலே போதும். நீங்கள் மேலே போய்க்கொண்டிருக்க, மேப் உங்களைக் கீழ்ச் சாலையில் ஒட்டிவிட்டு "யூ டர்ன் எடுங்கள்" என்று சொல்லும். எல்5 அந்தத் தெறிப்பை நன்றாகப் பிரித்தறிகிறது.

இரண்டாவது, விமானப் பயன்முறைச் சோதனை. அடுத்த படியில் சொல்லும் ஆஃப்லைன் மேப்பை இறக்கிவிட்டு, ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். லொகேஷன் மட்டும் ஆனில் இருக்கட்டும். ஊருக்குள்ளேயே ஓர் இடத்தைத் தேடி, வழிகாட்டல் தொடங்கி, ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். நடுவில் வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிடுங்கள். புது வழி கணக்கிட்டுச் சொல்கிறதா? சொன்னால் மலையிலும் சொல்லும்.

மூன்றாவது, வெப்பச் சோதனை. மதிய வெயிலில், சார்ஜில் போட்டு, திரை அணையாமல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். திரை தானாக மங்கினாலோ சார்ஜ் ஏறாமல் நின்றாலோ அந்தப் போன் நீண்ட பயணத்துக்குத் தனியாகத் தாங்காது.

டேப்லெட்டைக் கொண்டுபோக நினைப்பவர்கள் கவனிக்க: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது. சிம் போடும் வகையில்தான் உண்டு. வீட்டில் வைஃபை மூலம் இடத்தைச் சரியாகக் காட்டுவதால் பலருக்கு இது நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

4. இரண்டு மேப் செயலிகள், இரண்டும் ஆஃப்லைனில்

ஒன்று கூகுள் மேப். ஆஃப்லைன் பகுதியை இறக்கும்போது "ஊட்டி" என்று தேடி ஊட்டியை மட்டும் இறக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. புறப்படும் இடமும் சேரும் இடமும் நடுவில் உள்ள முழு வழியும் அந்தச் சதுரத்துக்குள் இருந்தால்தான் நெட் இல்லாமல் வழி கணக்கிடும். கோவை முதல் மைசூரு வரை தாராளமாக இழுத்து இறக்குங்கள். பெரிய பகுதியாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆஃப்லைனில் நெரிசலும் மாற்று வழிகளும் தெரியாது. கார் வழி மட்டுமே கிடைக்கும்.

இன்னொன்று, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இயங்கும் செயலி. ஆர்கானிக் மேப்ஸ் எளிமையானது. ஓஸ்ம்ஆண்ட் கொஞ்சம் பழக வேண்டும், ஆனால் குறிப்பிட்ட சாலையைத் தவிர்க்கச் சொல்வது, வண்டியின் உயரத்தைச் சொல்வது போன்ற வசதிகள் அதில் உண்டு. இரண்டும் முழுக்க முழுக்க நெட் இல்லாமல் ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை. இரண்டாவது செயலி எதற்கு? கூகுள் மேப்பும் இதுவும் வெவ்வேறு தரவிலிருந்து வருவதால், இரண்டும் ஒரே வழியைக் காட்டினால் நம்பலாம். வேறு வேறு காட்டினால் அந்த இடத்தை நோட்டில் குறித்து, விடுதிக்காரரிடம் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளலாம்.

அப்புறம் குரல். ஆஃப்லைன் செயலிகள் போனுக்குள் இருக்கும் குரல் கோப்பைத்தான் பயன்படுத்தும். போன் அமைப்புகளில் 'உரையிலிருந்து பேச்சு' பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலை வைஃபையிலேயே இறக்கிவையுங்கள்.

கிளம்பும் முன் கூகுள் மேப்பின் அமைப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். வண்டி வகையில் பைக் படம் இருந்தால் காருக்கு மாற்றுங்கள். ஊரில் பைக்குக்குப் போட்டதை மாற்ற மறந்து, கார் நுழையாத சந்தில் போய் நிற்கிறவர்கள் ஏராளம். "சுங்கச்சாவடி தவிர்", "நெடுஞ்சாலை தவிர்", எரிபொருள் சிக்கன வழி ஆகியவை ஆனில் இருந்தால் மலைப் பயணத்துக்கு அணைத்துவிடுங்கள். சில நிமிடமோ கொஞ்சம் பெட்ரோலோ மிச்சம் என்று சொல்லி, குறுகலான கிளைச் சாலையில் இறக்கிவிடக்கூடும்.

5. சரி, தனிக் கருவி யாருக்குத் தேவை?

மேலே உள்ள சோதனைகளில் போன் தேறிவிட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. தனி ஜிபிஎஸ் கருவி மூன்று பேருக்குப் பயன்படும். வெப்பச் சோதனையில் தோற்ற போனைத் தவிர வேறு போன் இல்லாதவர்கள். வாரக்கணக்கில் ஓட்டுகிறவர்கள், வழியில் போனை மற்ற வேலைகளுக்கு விட்டுவைக்க விரும்புகிறவர்கள். கேரவன் அல்லது உயரமான வேன் ஓட்டுகிறவர்கள். கடைசி வகையினருக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். உயரம், அகலம், எடை சொன்னால் தாழ்ந்த பாலங்களைத் தவிர்த்து வழி சொல்லும் கார்மின், டாம்டாம் கேம்பர் மாடல்கள் அதற்கென்றே வந்தவை. ஆனால் அவை நன்றாக வேலை செய்வது ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற, பாலங்களின் உயரம் ஒழுங்காகப் பதிவான நாடுகளில்தான்.

வாங்கும்போது இந்த வரிசையில் பாருங்கள். முதலில், நீங்கள் ஓட்டப்போகும் நாட்டின் மேப் உள்ளே இருக்கிறதா? வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் கருவியில் இந்திய மேப் பெரும்பாலும் இருக்காது. தனியாக விலைக்கு வாங்க வேண்டிவரும், எல்லா மாடலுக்கும் கிடைக்காது. "வாழ்நாள் மேப்" என்று பெட்டியில் போட்டிருப்பதும் அந்தப் பகுதி மேப்பின் புதுப்பிப்புக்கு மட்டும்தான். அடுத்து, புதுப்பிப்பு வைஃபையில் இறங்குமா, கணினியோடு இணைக்க வேண்டுமா? பிறகு திரை: ஆறு அல்லது ஏழு அங்குலம் சாதாரணக் காருக்குச் சரியாக இருக்கும். அதைவிடப் பெரிதானால் பார்வையை மறைக்கும். கடைசியாக மின்சாரம்: இந்தக் கருவிகளின் உள் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது. எப்போதும் கார் சாக்கெட்டில் சொருகியே இருக்க வேண்டும்.

வாங்கியதும் முதல் வேலை மேப்பைப் புதுப்பிப்பது. பெட்டியில் வரும் மேப் பழையதாகவே இருக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் கருவியும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியும் வேறு வேறு. கார்மின் இன்ரீச் போன்றவை இரண்டாவது வகை. அரசு அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். "காட்டில் டவர் இல்லையே, பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று வெளிநாட்டிலிருந்து யாரையும் வாங்கிவரச் சொல்லாதீர்கள்.

6. காரிலேயே திரை இருந்தால்

ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே இரண்டிலும் மேப் ஓடுவது உங்கள் போனில்தான். காரின் திரை கண்ணாடி மாதிரி அதைக் காட்டுகிறது. எனவே ஆஃப்லைன் மேப் போனில் இருக்க வேண்டும். வயர்லெஸ் இணைப்பு போனைச் சூடாக்கும், நீண்ட பயணத்தில் வயர் போட்டுக்கொள்ளுங்கள்.

காரோடு வராமல், பிறகு கடையில் பொருத்திய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால் அதன் ஜிபிஎஸ் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தீப்பெட்டி அளவில், கறுப்பாக, ஒரு வயரோடு இருக்கும். அவசரத்தில் பொருத்துகிறவர்கள் அதை ஸ்டீரியோவுக்குப் பின்னால் உலோகத்துக்கு நடுவில் விட்டுவிடுவதுண்டு. அதை டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடிக்கு அருகில் ஒட்டச் சொல்லுங்கள். "இந்த ஸ்டீரியோவில் ஜிபிஎஸ் சரியில்லை" என்ற புகார்களில் நிறைய இதிலேயே தீர்ந்துவிடும்.

7. ஹோல்டர், சார்ஜர், சட்டம்

ஹோல்டரை ஏசி காற்று வரும் இடத்தில் பொருத்தினால் போன் குளிர்ந்திருக்கும். மலையில் ஹீட்டர் போட்டால் அந்தத் துளையை மட்டும் மூடிவிடுங்கள். கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டும் வகை ஹோல்டரை முன் கண்ணாடியின் நடுவில் ஒட்டாமல் கீழ் ஓரத்தில் ஒட்டுங்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பேருந்தைப் பார்க்க வேண்டிய இடம் அந்த நடுப்பகுதி. குலுங்கும் சாலையில் காந்த ஹோல்டர் கனமான போனைத் தாங்காது.

பழைய கார்களின் யூஎஸ்பி துளை பாட்டுக்காக வந்தது. அதில் வரும் மின்சாரம் மேப் ஓடும் போனுக்குப் போதாது. சொருகியிருந்தும் சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும். 12 வோல்ட் சாக்கெட்டில் 18 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சார்ஜரைப் போடுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் திருத்தப்படி, 2020 அக்டோபர் 1 முதல், வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி கைப்பேசியைப் பயன்படுத்தலாம். கையில் பிடித்துக்கொண்டு தேடினால் அந்தச் சலுகை உதவாது. தேடுவது, மாற்றுவது எல்லாம் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் வேலை.

8. இடங்களை எண்ணாகச் சேமியுங்கள்

மேட்டுப்பாளையம் என்று தேடினால் கோவை மாவட்டத்தில் ஒன்று, திருச்சி மாவட்டத்தில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று. புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர்கள் என்று சொல்லவே வேண்டாம். எஸ்டேட்டுக்குள் இருக்கும் விடுதிகளின் பெயர் ஆஃப்லைன் தேடலில் வராமலே போகலாம்.

ஆகவே விடுதிக்காரரிடம் லொகேஷன் பின்னை வாங்கி, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நோட்டிலும் இரண்டு செயலிகளிலும் சேமித்துவையுங்கள். எந்தச் செயலியும் எந்தத் தனிக் கருவியும் அந்த எண்களைப் புரிந்துகொள்ளும். பெட்ரோல் பங்க், மருத்துவமனை, சோதனைச் சாவடி ஆகியவற்றையும் இப்படியே சேமித்துவிடுங்கள்.

9. கருவிக்குத் தெரியாத தடைகள்

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கருவி சாலையின் நேரத்தையும் விதியையும் முழுதாக அறியாது. இதை நீங்கள்தான் நோட்டில் எழுத வேண்டும்.

பந்திப்பூர் வழியாக மைசூரு போகும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். மேப் "9:40-க்குச் சாவடியை அடையலாம்" என்று சொன்னால் அதை நம்பி ஊட்டியில் தாமதிக்கக் கூடாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி தூரம் குறைவு என்று காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துச் சாலையில் வெளியூர் வண்டிகள் கீழே இறங்க அனுமதி இல்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். கோடை சீசனில் மேட்டுப்பாளையம் – ஊட்டிக்கு ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று போலீஸ் மாற்றுவார்கள். மலக்கப்பாறை – வாழச்சால் காட்டுச் சாலையில் மாலைக்கு மேல் நுழைய முடியாது.

நீலகிரி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வேண்டும். மற்ற மலைகளுக்கும் இப்படி விதிகள் வரலாம். கிளம்பும் வாரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பாஸைப் படமெடுத்துப் போனில் வையுங்கள், ஏனென்றால் சாவடியில் டவர் இருக்கும் என்று சொல்ல முடியாது.

உடைந்த பாலங்களும் இந்தக் கணக்கில்தான். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே ராமகங்கை ஆற்றின் மேல் முழுமையில்லாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். ஜிபிஎஸ் காட்டிய வழியில் போனதாகச் செய்திகள் வந்தன. மழைக்காலத்தில், இருட்டில், எதிரே ஒரு வண்டிகூட வராத சாலையில் கருவி "நேராகப் போங்கள்" என்று சொன்னால், நிறுத்தி யாரையாவது கேளுங்கள். ஆள் இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பி, கடைசியாகக் கடை இருந்த இடத்துக்குப் போங்கள். இந்த அரை மணி நேரத் தாமதத்துக்கு யாரும் வருத்தப்பட வேண்டாம்.

10. வெளிநாட்டில் வாடகைக் கார் என்றால்

இங்கும் போனும் ஆஃப்லைன் மேப்பும்தான் முதல் தேர்வு. வாடகை நிறுவனம் நாள் கணக்கில் கட்டணம் வாங்கித் தரும் கருவியின் மேப் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று தெரியாது.

கூடுதலாக இரண்டு கவனம். இத்தாலியின் பழைய நகர மையங்களில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையும் பகுதிகள் உண்டு. கேமரா படமெடுத்து, அபராதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். செயலி எச்சரிக்கும் என்று இருக்காமல், விடுதி அந்தப் பகுதிக்குள் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். அடுத்து, வேகக் கேமராவை முன்கூட்டிச் சொல்லும் வசதி. சுவிட்சர்லாந்தில் அதற்குத் தடை உண்டு, ஜெர்மனியில் ஓட்டுநர் அதைப் பயன்படுத்தக் கூடாது, பிரான்ஸில் கேமரா இருக்கும் துல்லியமான இடத்தைக் காட்டக் கூடாது. எல்லை தாண்டும் முன் அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள்.